மொனாட்நாக் மலையும் வெள்ளியங்கிரித் தம்பியும்

அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்து மலைகளைப் பற்றி என்னைக் கேட்டால், ஜனவரியைவிட மார்ச் கடைசிக்குத்தான் அதிகம் பயப்பட வேண்டும் என்பேன். ஜனவரியில் மேலிருந்து கீழ்வரை ஒரே பனி. காய்ந்து கெட்டியாகி, காலடியில் நறநறவென்று இருக்கும், நடையும் ஒரே சீராக இருக்கும். மார்ச்சில் அந்தக் கதையே கிடையாது. பகலில் 40 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு ஏறும், ராத்திரி 25-க்கு இறங்கும் (தண்ணீர் உறைவது 32-ல்). பகலெல்லாம் உருகிப் பாதையில் ஓடுகிற தண்ணீர் இருட்டியதும் ஓடின இடத்திலேயே உறைந்துவிடும். மறுநாள் அதன்மேல் இன்னொரு பூச்சு. இரண்டு வாரம் இப்படி நடந்தால் பாறைமேல் ஒரு சாண் தடிமனுக்கு ஐஸ் ஏறியிருக்கும். ஊருக்குள் புல்வெளி தெரிய ஆரம்பித்திருக்கும், ஆட்கள் அரைக்கை சட்டையோடு காபி வாங்க வருவார்கள், மலை மட்டும் இன்னும் டிசம்பரில் நின்றுகொண்டிருக்கும்.

இந்த நேரம் பார்த்துத்தான் என் தம்பி கோயம்புத்தூரிலிருந்து வந்திருந்தான். வந்து உட்கார்ந்த இரண்டாம் நாளே, "இங்க மலை கிலை ஒண்ணும் இல்லீங்களாக்கா?" என்று ஆரம்பித்தான். அவனுக்கு அப்படி ஒரு மலைப் பித்து. வருஷம் தவறாமல் மாசியோ பங்குனியோ வெள்ளியங்கிரி போய்விடுவான். பூண்டி அடிவாரத்தில் மூங்கில் தடி வாங்கிக்கொண்டு, ராத்திரியோடு ராத்திரியாக ஏழு மலையும் ஏறி, விடியும்போது உச்சியில் சாமி கும்பிட்டுவிட்டு இறங்குகிற ஆள். அதுவும் வெறுங்காலில். எங்கள் வீட்டில் பெண்பிள்ளைகளை அந்த மலைக்கு அனுப்பும் வழக்கமில்லை. சின்ன வயதில் நான் பேரூர்ப் பக்கம் மொட்டை மாடியில் நின்று அந்த மலைத்தொடரைப் பார்த்ததோடு சரி. மலையேற நான் கற்றுக்கொண்டது இங்கே வந்த பிறகு, நாற்பதை நெருங்கும்போது. அதனால் மலை விஷயத்தில் அவனுக்கு நான் என்றைக்கும் இளப்பம்தான்.

மொனாட்நாக் என்றேன். உயரம் 3,165 அடி என்றதும் சிரித்துவிட்டான். "ஊட்டி உசரத்துல பாதி கூட இல்லீங்க்கா. இதுக்கா இத்தன சாமான் எடுத்து வெக்கறீங்க?"

சாமான் என்றானே, அதைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவன் ஒரு நூற்பாலையில் ஷிப்ட் சூப்பர்வைசர். எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாகப் பருத்தியில்தான் சோறு. அப்படிப்பட்டவனிடம் போய், மலைக்குப் பருத்தித் துணி ஒன்றுகூட ஆகாது, பனியன் உட்பட எல்லாவற்றையும் கழற்று என்றால் எப்படி இருக்கும்! பருத்தி வியர்வையைக் குடித்து வைத்துக்கொள்ளும், லேசில் காயாது. ஏறும்போது உடம்பு கொதிக்கும், வியர்க்கும். உச்சியில் காற்றில் நின்றால் அந்த ஈரத்துணி உடம்புச் சூட்டை உறிஞ்சி எடுத்துவிடும். ஆகவே அடியில் மெரினோ கம்பளியோ பாலியெஸ்டரோ, அதன்மேல் ஃப்ளீஸ், அதற்குமேல் காற்றும் ஈரமும் புகாத ஒரு மேலுறை. என் வீட்டுக்காரருடைய உள்சட்டையைக் கொடுத்தேன். போடுவதற்குமுன் காலரைத் திருப்பி லேபிளைப் படித்தான், துணியை விரலால் நீவினான், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான்.

"நூறு பர்சென்ட் பாலியெஸ்டர். இதென்ன வெலைங்க்கா?"

சொன்னேன்.

"திருப்பூர்ல இந்தக் காசுக்கு ஒரு மூட்டை வாங்கலாம்," என்றபடியே போட்டுக்கொண்டான்.

நாஷுவாவிலிருந்து 101-ஆம் சாலையில் பீட்டர்பரோ, அங்கிருந்து ஜாஃப்ரி. வழியில் மரத்துக்கு மரம் நீலக் குழாய் கட்டியிருப்பதைப் பார்த்துவிட்டு, "ஆஸ்பத்திரியில ட்ரிப்ஸ் ஏத்தற மாதிரியல்ல இருக்குது" என்றான். ஏற்றவில்லை, இறக்குகிறார்கள் என்றேன். மேப்பிள் சாறு. ராத்திரி உறைந்து பகலில் இளகுகிற இந்த ஐந்தாறு வாரம்தான் அதற்குப் பருவம். உறையும்போது மரம் கீழிருந்து தண்ணீரை உள்ளே இழுத்துக்கொள்கிறது. வெயில் பட்டு இளகியதும் உள்ளே அழுத்தம் ஏறி, துளை போட்ட இடத்தில் சாறு சொட்டுகிறது. அதில் சர்க்கரை இரண்டு சதவீதம்தான் இருக்கும். 40 கேலன் சாற்றைக் காய்ச்சினால் ஒரு கேலன் பாகு. "நம்ம தெளுவு காச்சற மாதிரிதான்" என்று அவனே முடித்துவைத்தான். தெளுவு என்றால் எங்கள் ஊரில் பதநீர். ராத்திரி உறையாத வருஷம் பாகு குறைந்துபோகும். எந்தக் குளிர் அந்த மரங்களைச் சுரக்கவைக்கிறதோ அதே குளிர்தான் மலைப்பாதைக்கு ஐஸ் பூசுகிறது. காரில் இருந்தவரை அவனுக்கு இது வெறும் தகவல்.

வண்டி நிறுத்துமிடத்தில் பூங்கா ஊழியர் ஒருவர் எங்கள் காலைத்தான் முதலில் பார்த்தார். ஐஸில் வழுக்காமலிருக்கக் காலில் மாட்டுகிற ஸ்பைக் இருக்கிறதா, டார்ச் இருக்கிறதா, எத்தனை மணிக்கு இறங்குவீர்கள். மூன்றே கேள்வி. காலில் பூட் போட்டிருந்த என் தம்பிக்கு மூன்றாவது கேள்விதான் புரியவில்லை. எப்போது ஏறி முடிப்பீர்கள் என்றல்லவா கேட்க வேண்டும்?

எனக்கு அதுதான் சரியான கேள்வி. இந்த மலையைப் பலரும் விளையாட்டாக எடுத்துக்கொள்கிறார்கள். பாஸ்டனிலிருந்து ஒன்றரை மணி நேரம், பாதை ஏறத்தாழ 2 மைல், ஏற்றம் சுமார் 1,800 அடி. உலகத்தில் அதிகம் பேர் ஏறுகிற மலைகளில் ஜப்பானின் ஃபூஜியோடு சேர்த்து இதையும் சொல்வார்கள். கூட்டம் வருவதால் பத்திரமான இடம் என்று ஒரு நினைப்பு. நியூ ஹாம்ப்ஷயரில் மலையில் மாட்டிக்கொண்டவர்களை மீட்பது மீன் மற்றும் வனவிலங்குத் துறை. அஜாக்கிரதையாகப் போனவரிடம் செலவை வசூலிக்க இங்கே சட்டம் உண்டு. 2015 முதல் 'ஹைக் சேஃப்' என்று ஓர் அட்டை விற்கிறார்கள், தனியாளுக்கு 25 டாலர், குடும்பத்துக்கு 35. அது இருந்தால் அஜாக்கிரதைக்குப் பில் வராது, வேண்டுமென்றே முரட்டுத்தனம் செய்தால் வரும். நான் ஒவ்வொரு வருஷமும் வாங்குகிறேன். அந்தப் பணம் தேடல், மீட்புக்குப் போகிறது. இன்சூரன்ஸ் என்று நினைக்காமல் மொய் என்று நினைத்துக்கொள்ளலாம்.

வைட் டாட் பாதையில் ஏறினோம். ஆரம்பத்தில் அகலமான பழைய தடம், சரிவும் அதிகமில்லை. குளிர்காலம் முழுக்க ஆயிரக்கணக்கான பேர் மிதித்து இறுகின பனி பாதை நடுவில் ஒரு முதுகெலும்பு போல நீளமாக உயர்ந்து நிற்கும். இரண்டு பக்கமும் உருகிச் சேறு, நடுவில் ஒன்றரை அடி அகலத்தில் இறுகின பனி. மோனோரெயில் என்கிறார்கள். அதன்மேல் நடந்தால் வழுக்கும். வசதி பார்த்து ஓரமாகச் சேற்றில் நடந்தால் பாதை அகலமாகிக்கொண்டே போய் மண் கரையும். பக்கத்து வெர்மான்ட்டில் இந்தப் பருவத்தில் உயரமான மலைப்பாதைகளுக்கு மே கடைசிவரை வர வேண்டாம் என்றே கேட்டுக்கொள்கிறார்கள். இங்கே அப்படி இல்லை, ஆனாலும் நடுவில் நடப்பதுதான் மரியாதை. தம்பி ஓரமாகவே போனான், நான் அதட்டி நடுவில் ஏற்றினேன். நாலடிக்கு ஒரு தரம் வழுக்கினான், சிரித்தான்.

ஃபால்கன் ஸ்பிரிங் என்ற சுனையில் நின்றோம். வைட் கிராஸ் பாதை இந்தப் பக்கத்தில்தான் இடதுபுறம் பிரிகிறது. சுனையைப் பார்த்ததும் அவனுக்கு வெள்ளியங்கிரியில் இருக்கிற கைதட்டிச் சுனை ஞாபகம் வந்து, சும்மா ஒரு தரம் கைதட்டியும் பார்த்தான். நான் பையிலிருந்து ஸ்பைக்கை எடுத்தேன். பாட்டிலைத் தலைகீழாக வைத்திருந்ததைப் பார்த்து, "கொட்டாதுங்களா?" என்றான். தண்ணீர் மேலிருந்துதான் உறையும். நிமிர்த்தி வைத்தால் மூடிப்பக்கம் அடைத்துக்கொள்ளும். கவிழ்த்து வைத்தால் அடிப்பக்கம் உறைந்தாலும் வாய்ப்பக்கம் குடிக்கலாம்.

மைக்ரோஸ்பைக் என்பது பெரிய கருவியெல்லாம் இல்லை. ஒரு ரப்பர் வார், அடியில் சங்கிலி, சங்கிலியில் காலுக்குப் பத்துப் பன்னிரண்டு எஃகு முள், ஒவ்வொன்றும் அரை அங்குலத்துக்கும் குறைவு. முதலில் பூட்டின் முன்மூக்கை நுழைக்க வேண்டும், பிறகு குதிகால் பக்கத்து வாரைப் பிடித்து ஒரே இழுப்பில் மேலே ஏற்ற வேண்டும். சொல்ல ஒரு வரி. குளிரில் ரப்பர் விறைத்திருக்கும், கையுறையோடு பிடி கிடைக்காது, கையுறையைக் கழற்றினால் ஒரு நிமிஷத்தில் விரல் மரத்துப்போகும். அறுந்த நூலுக்கு முடிச்சுப் போடுகிற வேலையில் கைபழகினவன் என்பதால் அவன் என்னைவிடச் சீக்கிரம் மாட்டிவிட்டான். அதுவரை சரி.

சுனைக்குமேல்தான் மலை ஆரம்பம். பாதை நிமிர்ந்துவிடும், மண் போய்ப் பாறைப் பலகைகள் வரும். வெயில் காலத்தில் குழந்தைகள்கூடக் கையூன்றி ஏறிவிடும் இடம். அன்றைக்கு ஒரு பலகை முழுக்க ஐஸ், மஞ்சள் கலந்த வெள்ளையாகச் சில இடம், கண்ணுக்கே தெரியாத தெளிவில் சில இடம். நான் அந்தத் தெளிவான இடத்தில் குத்தவைத்து உட்கார்ந்து அவனையும் கூப்பிட்டேன். ஐஸுக்கு அடியில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு விரற்கடை தடிமன் கண்ணாடி, அதற்குக் கீழே பாறையைத் தொட்டபடி நீரோட்டம், காற்றுக் குமிழிகள் நசுங்கி நீண்டு, ஒரு மேட்டில் தேங்கி நின்று, மூன்று நான்கு சேர்ந்ததும் சட்டென்று நழுவிக் கீழே போயின. ஐஸ் பாறையைப் பிடித்துக்கொண்டிருக்கவில்லை, தண்ணீர்மேல் மிதக்கிறது. ஜனவரி ஐஸ் இப்படி இருக்காது, பாறையோடு பாறையாக ஒட்டியிருக்கும். மார்ச்சில் முள் குத்தினால் ஐஸ் உடைந்து பலகையாகவே கழன்று வரலாம். ஆகவே எங்கே வெள்ளையாக, கரடுமுரடாக இருக்கிறதோ அங்கே கால் வை, தெளிவாக மின்னுகிற இடத்தை விடு என்றேன்.

அவன் தடியைக் கேட்டான். என்னிடம் இருந்த மலைக்கோல் இரண்டில் ஒன்றைக் கொடுத்தேன். வெள்ளியங்கிரியில் தடிதான் மூன்றாவது கால். அதை முன்னால் ஊன்றி, உடம்பு பாரத்தை அதில் போட்டு, அடுத்த அடி எடுத்துவைப்பது அவனுக்கு இத்தனை வருஷத்துப் பழக்கம். இங்கே கோலின் முனை ஐஸில் பட்டு டிக் என்று விலகியது. பாரம் முழுக்க முன்னால் சாய்ந்திருக்கவே ஆள் முழங்காலில் இறங்கிவிட்டான். அடி ஒன்றும் பலமில்லை. ஆனால் எழுந்தபோது முகம் மாறியிருந்தது.

"என்ன பண்றதுங்க்கா இப்ப?"

ஐஸில் நம்ப வேண்டியது பாதத்தைத்தான். படி ஏறுகிற மாதிரி விரல்நுனியில் ஏறக் கூடாது. முழுப் பாதத்தையும் தட்டையாகப் பதித்தால்தான் எல்லா முள்ளும் கடிக்கும். சரிவு அதிகமானால் நேராக ஏறாமல் பக்கவாட்டில் குறுக்கும் நெடுக்குமாகப் போக வேண்டும். அடி சின்னதாக இருக்கணும், பாரம் நேராகக் காலுக்குமேல் நிற்கணும். கோல் சமநிலைக்கு மட்டும். வெறுங்காலில் பாறையேறுகிறவனுக்கு இது ஒரு விதத்தில் சுலபமாகவே வந்தது. பாதத்தை முழுசாக வைக்க அவனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை, பூட்டுக்குள் போனதும் மறந்திருந்தான், அவ்வளவுதான். அரைமணி நேரத்தில் என் முன்னால் போய்க்கொண்டிருந்தான்.

நடுவில் வெறும் பாறை வரும். முள் பாறையில் உரசும் சத்தம் பல்லைக் கூசவைக்கும். கழற்றலாமா என்று ஒவ்வொரு தரமும் கேட்டான். பத்தடி பாறை, அப்புறம் இருபதடி ஐஸ், மறுபடி பாறை என்றிருக்கும் இடத்தில் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தால் பொழுதுதான் போகும், விரலும் விறைக்கும். முள் மழுங்கினால் மழுங்கட்டும்.

குட்டை ஸ்ப்ரூஸ் மரங்கள் முடிகிற இடத்தில் காற்று அடித்தது. 3,165 அடி மலைக்கு மொட்டைத் தலை இயற்கையாக வந்ததில்லை. இந்தப் பகுதியில் மரம் வளர முடியாத உயரம் இன்னும் ரொம்ப மேலே. 1800-களின் தொடக்கத்தில் மேய்ச்சலுக்காகக் கீழ்ச்சரிவில் வைத்த தீ மேலே ஏறியது. பின்னால் விழுந்துகிடந்த மரங்களுக்குள் ஓநாய்கள் குடியிருக்கின்றன என்று சந்தேகப்பட்டு 1820-ஐ ஒட்டி விவசாயிகள் மறுபடி கொளுத்தினார்கள். மரம் போனது, வேர் போனது, மழை மண்ணைக் கழுவிவிட்டது. இருநூறு வருஷமாகியும் உச்சி மொட்டைதான். அந்த ஓநாய்ச் சந்தேகத்தின் புண்ணியத்தில்தான் எங்களுக்கு நாலு திசையும் தெரிந்தது, நாலு திசைக் காற்றும் கிடைத்தது.

கீழே 32 டிகிரி என்றால் உச்சியில் ஆறு டிகிரியாவது குறைவாக இருக்கும். அதோடு காற்று. 20 டிகிரியில் மணிக்கு 30 மைல் காற்று அடித்தால் தோலுக்கு அது 1 டிகிரி, அதாவது செல்சியஸில் மைனஸ் 17. அன்றைக்கு ஏறக்குறைய அப்படித்தான் இருந்தது. வடக்கே மங்கலாக ஒரு வெள்ளை மேடு தெரிந்தது. அதுதான் மவுண்ட் வாஷிங்டன் என்று காட்டினேன். 1934 ஏப்ரல் 12-ஆம் தேதி அங்கே மணிக்கு 231 மைல் வேகத்தில் காற்றை அளந்திருக்கிறார்கள் என்றேன். "ஏப்ரல்லயா? சித்திர பொறக்கறப்பவா?" என்று இரண்டு தரம் கேட்டான். இந்த ஊரில் வசந்தத்தை நம்பி யாரும் ஜாக்கெட்டைப் பரணில் போடுவதில்லை.

உச்சியில் பார்க்க வேண்டியவை நிறைய உண்டு. பாறையில் 19-ஆம் நூற்றாண்டு ஆட்கள் செதுக்கிவைத்த பெயர்கள், கோழிக்கால் தடம் போலப் பரவியிருக்கும் சில்லிமனைட் படிகங்கள். 1844-க்கும் 1860-க்கும் இடையில் எழுத்தாளர் தோரோ இங்கே நான்கு முறை வந்து, செடியையும் பாறையையும் குறிப்பெடுத்துவிட்டுப் போனார். அந்தப் பெயர்களும் படிகங்களும் அன்றைக்கு ஐஸுக்கு அடியில். தென்கிழக்கே பாஸ்டன் கட்டடங்கள் சின்னச் சின்னக் குச்சியாகத் தெரிந்தன. தம்பி ஒரு பாறைக்குப் பின்னால் ஒதுங்கி, சட்டைக்குள்ளிருந்து விபூதிப் பொட்டலத்தை எடுத்துப் பூசப் பார்த்தான். காற்று பொட்டலத்தோடு கொண்டுபோய்விட்டது. எலுமிச்சை சாதம் கல்லாகியிருந்தது. நான்கு பேரீச்சம்பழத்தை வாயில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டோம்.

இறக்கத்துக்கு வைட் கிராஸ். இதுவும் செங்குத்துத்தான், ஆனால் வைட் டாட் அளவுக்கு இல்லை. ஐஸ் நேரத்தில் ஏறுவதை அதில் வைத்துக்கொண்டு இறங்குவதை இதில் வைத்துக்கொள்வது நல்லது. ஏறும்போது முகம் பாறையைப் பார்த்திருக்கும், விழுந்தால் முன்னால் விழுவோம், இரண்டடியில் நிற்போம். இறங்கும்போது பள்ளம் முன்னால் இருக்கும், முட்டி நடுங்கும், சாயங்கால அவசரமும் சேரும். ஊழியர் இறங்குகிற நேரத்தைக் கேட்டது இதற்குத்தான்.

மத்தியானம் ஆனதும் பனி இளகிவிட்டது. காலையில் தாங்கின மோனோரெயிலின் ஓரம் இப்போது தாங்கவில்லை. ஒரு கால் தொடைவரை உள்ளே போகும், இழுத்தெடுத்தால் அடுத்த கால். அப்படி விழுந்த குழிகள் ராத்திரி அப்படியே உறைந்து அடுத்த நாள் வருகிறவர் கணுக்காலுக்குக் காத்திருக்கும். அதனால்தான் நான் விடிந்ததும் கிளம்பி இரண்டு மணிக்குள் கீழே வந்துவிட வேண்டும் என்கிறேன். ஈரப்பனி ஸ்பைக்குக்குள் அடைத்துக்கொண்டு குதிகால்செருப்பு மாதிரி ஆகிவிடும், முள் தரையைத் தொடாது. பத்தடிக்கு ஒரு தரம் கோலால் பூட்டைத் தட்டிவிட வேண்டும்.

ஒரு சரிவில் கல்லூரிப் பையன்கள் உட்கார்ந்தபடி சறுக்கிக்கொண்டு போனார்கள். ஸ்பைக் மாட்டிய காலோடு. தம்பிக்கு ஆசை வந்துவிட்டது. கையைப் பிடித்து நிறுத்தினேன். சறுக்கும் வேகத்தில் ஒரு முள் ஐஸைக் கவ்வினால் பாதம் அங்கே நின்றுவிடும், ஆள் போய்க்கொண்டிருப்பான். கணுக்கால் உடைவது அப்படித்தான். சறுக்கித்தான் ஆக வேண்டுமென்றால் ஸ்பைக்கைக் கழற்றிவிட்டு, கீழே மரம் இல்லாத இடமாகப் பார்த்துச் சறுக்க வேண்டும். இங்கே கீழே மரம்தான் இருந்தது. "நீங்க அம்மாவுக்கு மேல இருக்கீங்க்கா" என்று முனகிக்கொண்டே நடந்தான்.

வண்டியில் ஏறி ஹீட்டர் போட்டதும் அம்மாவுக்கு வீடியோ கால். அங்கே நள்ளிரவு தாண்டியிருந்தது, அம்மா பதறிப்போய் எடுத்தார். "மலையெல்லாம் ஐஸும்மா, அக்காதான் ஏத்திட்டுப் போச்சு" என்று இவன் சொல்ல, அம்மா என்னைத் திட்டினார், அப்புறம் பொறுமையாக இன்னொரு தரம் திட்டினார். போனை வைத்ததும், அடுத்த சனிக்கிழமை லாஃபயெட் மலைக்குப் போகலாமா என்று கேட்டான். செல்போனில் படம்கூடப் பார்த்து வைத்திருக்கிறான். முடியாது என்றேன். அது 5,200 அடிக்கு மேல், மரமில்லாத முகட்டில் மைல் கணக்கில் நடக்க வேண்டும். அந்தச் சரிவுக்கு மைக்ரோஸ்பைக் போதாது, நீண்ட பல் வைத்த கிராம்பானும் ஐஸ் கோடாரியும் வேண்டும், அதைப் பிடிக்கவும் தெரிந்திருக்க வேண்டும். எனக்கே இன்னும் அதில் கை பழகவில்லை. வேண்டுமானால் சனிக்கிழமை மேப்பிள் காய்ச்சுகிற கொட்டகைக்குக் கூட்டிப்போகிறேன் என்றிருக்கிறேன். தெளுவு காய்ச்சுகிற அடுப்பைப் பற்றி அவனுக்கு அங்கே கேட்க ஏகப்பட்ட கேள்வி இருக்கிறதாம்.